பூ.சா.கோ. விட்டுப் போனது கல்லூரியா, பட்டறையா?

கிணத்துக்கடவு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கும் என் மச்சானுக்கும் (காரைக்குடிக்காரர்) ஒரு வாக்குவாதம். பாயசம் வரும்போது ஆரம்பித்தது, கை கழுவியும் முடியவில்லை. பாதி இங்கே கொண்டுவருகிறேன், மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். கோவை பீளமேட்டுப் பூ.சா.கோ. (பி.எஸ்.ஜி.) அறக்கட்டளை 1926-இல் தொடங்கியது. நூறு வருசம் ஆகிவிட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் (வெங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி) குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தபோது நாலு பங்கு போடாமல் ஐந்தாகப் போட்டார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. தொகை இரண்டு லட்சத்து ஓராயிரம் ரூபாய். தர்மத்தையும் கூடப்பிறந்த ஒருத்தனாக வைத்துப் பாகம் கொடுத்தார்கள் என்று எங்க ஊர்ப்பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள்.

இதுவரைக்கும் மச்சானும் ஒத்துக்கொள்கிறார். அதற்கப்புறம்தான் சண்டை. அவருக்கு அது ஒரு கல்வி அறக்கட்டளை. பள்ளிக்கூடம் (சர்வஜன, 1924), கலைக் கல்லூரி 1947, பொறியியல் கல்லூரி 1951, மருத்துவக் கல்லூரி 1985 என்று வரிசையாக அடுக்குகிறார். நான் சொல்வது வேறு. அதே 1926-இல் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்கூடம் போட்டார்களே, இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட், அங்கேதான் விசயம் இருக்கிறது. பம்ப், மோட்டார், லேத் (கடைசல் இயந்திரம்) என்று விற்கிற சாமானையே அங்கே செய்தார்கள். பையன்கள் செய்து பழகினார்கள். தர்ம ஸ்தாபனம் ஒன்று சொந்தமாக ஃபேக்டரி நடத்தியது. அப்படிப் பழகி வந்தவர்கள்தான் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் பீளமேட்டிலும் ஒற்றை லேத் வைத்துத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். எங்கப்பாவும் அதில் ஒருத்தர்.

கல்லூரி எந்த ஊரிலும் கட்டலாமுங்க. அந்தப் பட்டறைதான் ஊருக்குச் சோறு போட்டது என்பது என் கட்சி. தப்பு என்றால் திருத்துங்கள்.

---

செக்காலை ரோடு

அந்த மச்சானின் கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர்க்காரர்கள் வள்ளலைப் பற்றிப் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் நாற்பத்தெட்டு வயது முடிய ஒரு நாள் பாக்கி இருக்கும்போது போனவர் (பிறப்பு 6 ஏப்ரல் 1909, இறப்பு 5 ஏப்ரல் 1957). அதற்குள் என்ன செய்தார் என்று பாருங்கள். 1944-இல் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி வர அஞ்சு லட்சம் கொடுத்தார். 1947 ஜூலையில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் ஒரு மேடையில் ஊர்கள்தோறும் கல்லூரி வேண்டும் என்று கேட்டார். எழுந்து நின்று நான் தருகிறேன் என்றார் இவர். ஆகஸ்ட் மாதமே காரைக்குடியில் கல்லூரி. ஒரு மாதத்துக்கும் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்! இன்றைக்கு அங்கீகாரக் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவே அதைவிட நாளாகும்.

அப்புறம் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 300 ஏக்கர் நிலம், 15 லட்சம் ரூபாய். அந்தக் காலத்துப் பதினைந்து லட்சம்! 1948 ஜூலை 25-ஆம் தேதி நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். தான் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார் என்று எங்க ஆச்சி சொல்லுவாக. பங்கு பிரித்து ஐந்தில் ஒன்று கொடுப்பது ஒரு விதம். இவர் முழுப் பாத்திரத்தையும் கவிழ்த்தவர்.

---

கிணத்துக்கடவு

செக்காலை அண்ணா, அழகப்பரை நான் ஒரு சொல் குறைத்துப் பேச மாட்டேன். கேள்வி வேறுங்க. முழுப் பாத்திரத்தைக் கவிழ்த்தும் காரைக்குடியில் ஏன் தொழில் முளைக்கவில்லை? மின்வேதியியல் என்றால் பேட்டரி, மின்முலாம், துருத்தடுப்பு, உலோகம் பிரித்தல். எல்லாமே பட்டறையில் இறக்கக்கூடிய சங்கதி. எழுபது வருசமாக அந்த நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றி முலாம் போடுகிற கடை எத்தனை, பேட்டரி செய்கிறவர் எத்தனை பேர்? எங்க ஊரில் முலாம் பட்டறை இல்லாத சந்தே கிடையாது. இத்தனைக்கும் ஆராய்ச்சி நிலையம் உங்களிடம் இருக்கிறது.

---

செக்காலை ரோடு

இது நியாயமான கேள்வி. குத்தலாகக் கேட்டாலும் நியாயம்தான்.

நான் பார்த்தவரை சொல்கிறேன். முதலாவது, அது ஊருக்காக வந்த நிலையம் கிடையாது, நாட்டுக்காக வந்தது. விஞ்ஞானி பட்நாகர் காலத்தில் திட்டமிட்ட தேசிய ஆய்வகங்களில் ஒன்று. அதன் வேலை எங்கெங்கோ பயன்பட்டது. பாலத்துக் கம்பியில் துருப் பிடிக்காமல் பூசுகிற பூச்சுக்கே அந்த நிலையத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிற பொறியாளர்கள் உண்டு. ஊரில் தங்கியது சம்பளம், வீட்டு வாடகை, பள்ளிக்கூடத்தில் நல்ல வாத்தியார் பிள்ளைகள். அது சின்ன விஷயமில்லை. ஆனால் நீங்கள் கேட்கிற பட்டறை அதில் வராது.

இரண்டாவது, எங்க ஆட்களின் பழக்கம். நகரத்தார் வீட்டுப் பையன் எழுத்துக் கூட்டக் கற்றதும் 'கொண்டுவிக்க' (கடல் கடந்து தொழில் பார்க்க)ப் போய்விடுவான். பர்மா, மலேயா, இலங்கை. பணம் வட்டிக்கடையில் இருந்தது. ஊரில் வீடு இருந்தது, கோயில் இருந்தது, தொழில் கடலுக்கு அந்தப்பக்கம். பர்மாவில் யுத்தம் வந்தது, அப்புறம் 1948-இல் நில தேசியமயம். கையில் இருந்ததில் எவ்வளவு கரைந்தது என்று அந்த வீடுகளின் பூட்டிய கதவைப் பார்த்தாலே தெரியும். அழகப்பரே நூற்பாலை போட்டது எங்கே? திருச்சூர்ப் பக்கம். அந்த இடத்துக்குப் பெயரே அழகப்பநகர். ஆலை கேரளாவில், கல்லூரி காரைக்குடியில். உங்கள் பீளமேட்டில் ஆலையும் கல்லூரியும் ஒரே சாலையில்.

எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது, நான் உங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

---

கவலை ஏத்தம்

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் ரெண்டு பேரும் வள்ளல்களையே பார்க்கிறீர்கள். கிணற்றையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

நான் விவசாயக் குடும்பம். எங்க தாத்தா காலத்தில் மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். கொங்கு நாட்டில் பெரிய ஆற்றுப் பாசனம் கொஞ்சம், பாறையை உடைத்து வெட்டிய கிணறு அதிகம். ஆழம் போகப் போக மாட்டால் இறைத்து முடியாது. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரிப் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகியது அந்த மின்சாரத்தால்தான். அதே கம்பி தோட்டத்துக்கும் வந்தது. அப்போது மோட்டார் வேண்டும், பம்ப் வேண்டும். சீமையிலிருந்து வந்த மோட்டார் விலை சம்சாரிக்குக் கட்டாது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூரிலேயே மோட்டார் செய்து காட்டினார்கள்.

ஆக, வாங்குகிறவன் பத்து மைலுக்குள் இருந்தான். பம்ப் ரிப்பேர் என்றால் வண்டியில் போட்டுக்கொண்டு பட்டறைக்கே வந்து நின்றான். செய்தவனுக்கு எங்கே உடைகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அடுத்த பம்பில் இம்பெல்லரை (உள்ளே சுற்றுகிற சக்கரம்) மாற்றி வார்ப்பான். பஞ்சாலைக்கும் அப்படித்தான், ஸ்பேர் பார்ட்ஸ் சீமையிலிருந்து வரும்வரை தறி நிற்க முடியாது, பக்கத்துப் பட்டறையில் கடைந்துகொள்வான்.

சிவகங்கைச் சீமையில் கண்மாய்ப் பாசனம். மழை பெய்தால் விளைச்சல், இல்லாவிட்டால் இல்லை. மோட்டாருக்கு அங்கே யார் வந்து கதவைத் தட்டியிருப்பார்கள்? தொழிற்கூடத்தை அப்படியே பெயர்த்துக் காரைக்குடியில் வைத்திருந்தால் அது நல்ல பாலிடெக்னிக்காக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

---

கிணத்துக்கடவு

இது நான் யோசிக்காத கோணமுங்க. பட்டறைக்கு முன்னால் கிணறு. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிணறு வெட்டிய ஊர் தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ இருக்கிறது. அங்கெல்லாம் பம்ப் வாங்கினார்கள், இங்கே செய்தார்கள். செய்யத் தெரிந்த கை வேண்டுமல்லவா? அந்தக் கைக்காகத்தான் நான் வாதாடுகிறேன்.

---

மில்வீட்டுப் பெண்

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் தேனாக ஒழுகுகிறது. ஒருத்தராவது அந்த ஐந்தாவது பங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள் என்று பார்த்தேன்.

எங்கள் தாத்தா பஞ்சாலைத் தொழிலாளி. பஞ்சுத் தூசியில் நெஞ்சு போனவர். கோவை ஆலைகளின் வரலாறு என்றால் எங்கள் வீட்டில் 1926-ஐச் சொல்ல மாட்டார்கள், 1946-ஐச் சொல்வார்கள். அந்த வருசம் ஜனவரி 8-ஆம் தேதி கோவைச் சிறையில் நாலு பேரைத் தூக்கில் போட்டார்கள். ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். சின்னியம்பாளையம் தியாகிகள். நால்வரும் ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளிகள். அதே வருசம் டிசம்பர் 11-ஆம் தேதி ஸ்டேன்ஸ் மில் துப்பாக்கிச் சூடு, பதினோரு பேர் செத்தார்கள். இந்தத் தேதிகளுக்குக் கூட்டம் போடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், ஆனால் கல்லூரி ஆண்டுமலர் எதிலும் நான் பார்த்ததில்லை.

நான் அறக்கட்டளையைத் திட்ட வரவில்லை. என் தம்பி படித்ததே அங்கேதான், குறைந்த ஃபீஸில். ஆனால் 'ஊருக்குச் சோறு போட்டது' என்று எழுதும்போது ஊர் என்பது யார் என்று ஒரு தடவை யோசியுங்கள். இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலை சைக்கிளில் போனவர்களும் ஊர்தான். முதலாளி கொடுத்தது தர்மம் என்றால் தொழிலாளி கொடுத்ததற்கு என்ன பெயர்?

---

கவலை ஏத்தம்

அக்கா, பதில் சொல்லத் தெரியவில்லை. நன்றி.

---

நெறியாளர்

மில்வீட்டுப் பெண் எழுதியதற்குக் கீழே வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சாதியை இழுத்தால் இழை பூட்டப்படும். வரலாற்றைப் பேசலாம், தாராளமாக.

---

விருதை

நீங்கள் எல்லோரும் வள்ளல், வள்ளல் என்கிறீர்கள். எங்க பக்கம் வள்ளலே கிடையாது. மகமை உண்டு.

வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை எடுத்துப் பொதுவில் போடுவார்கள். வசூலிப்பதும் செலவழிப்பதும் உறவின்முறை என்கிற சமூகச் சபை. விருதுநகரில் சத்திரிய வித்யாசாலை 1889-இல் வந்தது அப்படித்தான். வீடுவீடாகப் பிடி அரிசி எடுத்து வைத்ததும் அதில் சேர்ந்தது. காமராஜர் படித்த பள்ளி. யாரோ ஒருத்தர் சிலை வைத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் கொடுத்தவன் ஊர் முழுக்க இருக்கிறான்.

சிவகாசிக் கதை உங்களுக்குத் தெரியும். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு அடுத்த வருசம் திரும்பினார்கள். அவர்களுக்கு எந்த அறக்கட்டளையும் தொழிற்கூடம் வைத்துக் கொடுக்கவில்லை. அதற்கு முந்தின வருசம் 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி (இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல்) ஆரம்பித்தாயிற்று. பள்ளிக்கு மகமை, கடனுக்கு வங்கி, தொழிலுக்கு ரெண்டு இளவட்டம். ஊர் எழுந்தது.

(சிவகாசியில் குழந்தைகள் பட்ட பாட்டை அந்த அக்கா கேட்பார். கேட்க வேண்டியதுதான். நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.)

---

மில்வீட்டுப் பெண்

கேட்கத்தான் வந்தேன். முந்திக்கொண்டீர்கள் :)

---

ஸாலே நதிக்கரை

நான் ஜெர்மனியில் யேனா என்ற ஊரில் ஆராய்ச்சி மாணவன். சொந்த ஊர் அவிநாசி. இந்த இழையை ரயிலில் படித்துவிட்டு இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். அதனால் எனக்கும் எழுத உரிமை உண்டு.

இந்த ஊரில்தான் நுண்ணோக்கி செய்கிற கார்ல் சைஸ் நிறுவனம் வளர்ந்தது. சைஸின் கூட்டாளி எர்ன்ஸ்ட் ஆபே, இயற்பியலாளர். நூற்பாலைத் தொழிலாளியின் மகன். அப்பா ஒரு நாளைக்குப் பதினாலு மணி, பதினாறு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்ததைச் சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோய்ப் பார்த்தவர். மில்வீட்டு அக்கா இதைக் கவனிக்கவும்.

சைஸ் இறந்தபின் 1889-இல் ஆபே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அதற்குத் தன் பெயரை வைக்கவில்லை, சைஸ் பெயரை வைத்தார். பூ.சா.கோ.வும் அப்படித்தானே, மகன்கள் தொடங்கி அப்பா பெயரை வைத்தது. அதற்கப்புறம்தான் வித்தியாசம். ஆபே நிறுவனத்தின் லாபத்தில் ஒரு பங்கை மட்டும் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை. நிறுவனத்தையே அறக்கட்டளைக்குச் சொந்தமாக்கினார். முதலாளி என்று ஒரு மனிதரே இல்லாமல் போனது. 1896-இல் விதிகள் எழுதினார். மேலாளர்களின் சம்பளம் தொழிலாளியின் சராசரிச் சம்பளத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு. சம்பளத்துடன் விடுப்பு, ஓய்வூதியம். 1900-இல் எட்டு மணி நேர வேலை. பல்கலைக்கழகத்துக்குப் பணம், ஊருக்கு நூலகம்.

அதாவது அவர் தர்மத்தை ஆலை வாசலுக்குள்ளிருந்தே ஆரம்பித்தார். ஆலைக்கு வெளியே கல்லூரி கட்டுவதற்கு முன்னால் உள்ளே இருக்கிறவனுடைய நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார். இது தாராள மனசு மட்டும் இல்லை, அவரே அளந்து பார்த்திருக்கிறார். ஒன்பது மணி நேரத்தில் முடிந்த வேலை எட்டு மணி நேரத்திலும் குறையாமல் முடிந்தது என்று கணக்குக் காட்டிப் பேசியிருக்கிறார்.

யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கர்கள் போகும்போது ஆட்களில் ஒரு பகுதியை மேற்கே அழைத்துப் போனார்கள். நிறுவனம் ரெண்டாக உடைந்து, பெர்லின் சுவர் விழுந்தபின் ஒட்டியது. நிறுவனத்தின் ஊர் என்பதே நகர்ந்துவிட்டது, இப்போது அதன் தலைமையகம் ஓபர்கோஹன் என்ற தெற்குச் சிற்றூரில். ஆனாலும் யேனாவில் இன்றைக்கும் கண்ணாடி, லேசர், லென்ஸ் என்று நிறையச் சின்னக் கம்பெனிகள். அந்தக் கை இங்கேயே தங்கிவிட்டது. இதில் கிணத்துக்கடவு அண்ணா சொல்வதுதான் சரி.

---

வரிக்கணக்கு

நான் ஆடிட்டர். ஒரு வறண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபே செய்ததை இன்றைக்கு இந்தியாவில் ஒருவர் செய்ய நினைத்தால் முடியாது. பீளமேட்டில் 1926-இல் செய்ததையே இன்று புதிதாகத் தொடங்க வக்கீலும் என்னைப்போன்றவர்களும் பயமுறுத்துவோம். வருமான வரிச் சட்டத்தில் அறக்கட்டளை தொழில் நடத்தலாமா என்றால், அந்தத் தொழில் அறத்தின் நோக்கத்துக்குத் துணையாக இருக்க வேண்டும், கணக்குப் புத்தகம் தனியாக வைக்க வேண்டும். பொதுநலம் என்ற பொதுத் தலைப்பில் வரும் அறக்கட்டளைகளுக்கு வியாபார வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்குச் செலவழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் காரணம் காட்டி ஒதுக்க வேண்டும். கம்பெனிப் பங்குகளை வைத்திருப்பதும் கஷ்டம். 1973 ஜூன் 1-ஆம் தேதிக்கு முன்பே மூலதனமாக இருந்தவற்றுக்குத்தான் விலக்கு.

சட்டத்தைக் குறை சொல்லவில்லை. அறக்கட்டளை என்ற பெயரில் வரியில்லாமல் வியாபாரம் செய்தவர்களைப் பார்த்துத்தான் இந்த வேலி போட்டார்கள். கருப்பட்டி மூட்டைக்கு எறும்பு மருந்து போட்டால் மூட்டையும் கொஞ்சம் நாறும்.

கல்வி என்ற தலைப்பில் இருக்கிற பழைய அறக்கட்டளை, மாணவர் பயிற்சிக்கான தொழிற்கூடம் என்று காட்டினால் நிற்கும். அந்த இடைவெளியில்தான் உங்கள் பட்டறை பிழைத்தது. பக்கத்தில் கல்லூரி இருந்ததால்தான் பட்டறை தர்மக் கணக்கில் வரும். அதனால் தலைப்பில் நீங்கள் கேட்ட கேள்வியே எனக்குத் தப்பாகத் தெரிகிறது. ரெண்டையும் பிரித்தால் ரெண்டுமே விழும்.

இன்னொன்று. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு வந்தபின் பெரிய கம்பெனிகள் மூன்று வருசச் சராசரி லாபத்தில் 2 விழுக்காடு சமூகத்துக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கிற சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கச் சட்டமே சொல்கிறது. ஐந்தாவது பங்கு ஐம்பதாவது பங்காகச் சுருங்கிப் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் கட்டாயமாகியிருக்கிறது. மார்ச் மாதம் வந்தால் என் வாடிக்கையாளர்கள் 'சார், எங்கேயாவது பெஞ்சு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி பாருங்க, முப்பத்தொண்ணுக்குள்ள முடிக்கணும்' என்று போன் போடுவார்கள். யாரும் லேத் வாங்கித் தருகிறேன் என்று சொன்னதில்லை. தொழில் பயிற்சிக்குக் கொடுக்கலாம், அரசு நிதி பெறும் தொழில்முனைவோர் காப்பகத்துக்கும் கொடுக்கலாம் என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் லேத் முன்னால் நின்று படம் எடுத்தால் அழகாக வராது.

---

ஒத்த லேத்

ஆடிட்டர் சார் கடைசி வரி :D

நான் கணபதியில் ஜாப் ஒர்க் பண்றேன். மூணு மிசின். ஒரு டர்னர் (லேத் ஓட்டறவன்) கிடைக்க மாட்டேங்கறான். பேப்பரில் வேலைக்கு ஆள் தேவைன்னு போட்டா பி.இ. படிச்சவன் கணக்கு எழுத வர்றான், மிசின்ல நிற்க மாட்டேங்கறான். இப்ப எங்கிட்ட நிற்கிறது பீகார் பசங்க. நல்லாத்தான் கத்துக்கறாங்க, நாளைக்கு அவங்க ஊர்ல போய் லேத் போடுவாங்க, போடட்டும். ராஜ்கோட்காரன் பம்ப்பை நம்ம விலையை விடக் கம்மியா விக்கறான். அதுக்கு எந்தத் தர்மகர்த்தாகிட்ட போறது? நூறு வருசத்துக்கு முந்தி நாலு பேரு பண்ணதைப் பேசறீங்க சரி, இப்ப கல்லூரியில படிக்கிறவன்ல எத்தனை பேரு கையில கிரீஸ் பட்டிருக்கு?

---

ஸாலே நதிக்கரை

அண்ணா, பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்து வருச சாண்ட்விச் படிப்பு இன்னும் இருக்கிறது. வகுப்பு பாதி, தொழிற்கூடம் பாதி. என் பக்கத்து வீட்டு அண்ணன் படித்தார், விரலில் தழும்பு இருக்கிறது.

---

ஒத்த லேத்

இருக்கு தம்பி. அவரு இப்ப எங்க வேலை பார்க்கறார்?

---

ஸாலே நதிக்கரை

பெங்களூரில். சாஃப்ட்வேர்.

---

செக்காலை ரோடு

நான் ஒரு விஷயம் சேர்க்கிறேன், எங்க ஊருக்காக இல்லை. பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன் 'கலைக்கதிர்' என்று தமிழில் ஓர் அறிவியல் மாத இதழ் நடத்தினார். காரைக்குடியில் நான் படித்தபோது கல்லூரி நூலகத்தில் பழைய இதழ்கள் கட்டுக்கட்டாக இருக்கும். மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று தமிழில் முதலில் நான் படித்தது அதில்தான். இதை எந்தப் பங்கில் சேர்ப்பது? கல்லூரியா, பட்டறையா? ஊர்ப் பொருளாதாரம் என்று பார்த்தால் ஒரு பைசா வரவு கிடையாது. ஆனால் அந்த இதழைப் படித்த காரைக்குடிப் பையன் ஒருத்தன் இன்றைக்கு இந்த இழையில் உங்களுடன் மல்லுக்கட்டுகிறான்.

எங்க நிலையத்திலும் 1988 முதல் பி.டெக். வகுப்பு நடக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ளேயே படிப்பு. தாமதமாக வந்தாலும் அது உங்கள் தொழிற்கூட யோசனைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்தப் பிள்ளைகளில் பத்துப் பேர் ஊரில் தங்கி பேட்டரி செய்தால் நான் மறுபடி வந்து உங்களிடம் வாதாடுவேன்.

---

கவலை ஏத்தம்

ஜி.டி. நாயுடுவை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 1945-இல் அவர் கொடையில் கோவையில் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது, இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு அதுதான் வேர். நாலு வருசப் படிப்பு வீண், ரெண்டு வருசம் போதும் என்று சண்டை போட்டு முதல்வர் பதவியை விட்டுப் போனார். ஒத்த லேத் அண்ணன் கேட்கிற கேள்வியை அவர் அன்றைக்கே கேட்டுவிட்டார். பட்டம் கொடுக்கிற இயந்திரம் பட்டத்துக்காகவே ஓடும் என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

---

மில்வீட்டுப் பெண்

கிணத்துக்கடவு அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. இத்தனை பேசினோம். அந்தத் தொழிற்கூடத்தில் பழகிய உங்கப்பாவிடம் கேட்டீர்களா?

---

கிணத்துக்கடவு

கேட்டேனுங்க. நேற்று ராத்திரி முழு இழையையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். எழுபத்தாறு வயசு. பாதியில் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன், தூங்கவில்லை.

ஐந்தாவது பங்கு கதை அவருக்குத் தெரியாது. நிறுவனர் யாரென்றும் பெரிதாகத் தெரியாது, மாலை போட்ட படம் ஒன்று இருந்தது என்றார். தூக்குமேடைக் கதை தெரியும், அதைச் சொல்லும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்தார். அவருடைய பெரியப்பா மில்லில் இருந்தவர்.

தொழிற்கூடத்தில் என்ன கற்றீர்கள் என்று கேட்டால் ஃபோர்மேனைப் பற்றித்தான் பேசினார். முதல் மூணு வாரம் மிசினைத் தொடவே விடவில்லையாம். ஓர் இரும்புக் கட்டையைக் கொடுத்து அரத்தால் ராவச் சொன்னாராம். ஆறு பக்கமும் மட்டமாக வர வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார், இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி ராவு. 'ஃபோர்மேன் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தவரும் இல்லை, தர்மம் பண்ணினவரும் இல்லை. அவருக்கு வெளிச்சம் தெரியக்கூடாது, அவ்வளவுதான்' என்றார்.

அப்புறம் சொந்தமாகப் பட்டறை போட்டபோது அங்கே பழகியவர்கள் எட்டுப் பேர் ஒரே தெருவில் இருந்தார்களாம். ஒருத்தன் மோல்டிங், ஒருத்தன் வைண்டிங், ஒருத்தன் கடைசல். ஒருத்தனிடம் மைக்ரோமீட்டர் இருந்தால் எட்டுப் பேருக்கும் அதுதான். ஆர்டர் பெரிதாக வந்தால் பிரித்துக்கொள்வார்கள். கடன் கேட்டால் கொடுப்பார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் எல்லோருடைய கை வேலையும் தெரியும்.

மச்சானிடம் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆடிட்டர் சார் சொன்னபடி தலைப்பைத் திருத்தலாமா என்று யோசிக்கிறேன், நெறியாளர் அனுமதித்தால். அந்தக் கட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது. கரண்ட் பில் பறக்காமல் மேலே வைத்திருக்கிறார்.

---

வரிக்கணக்கு

தலைப்பு இருக்கட்டும். கட்டை என்ன அளவு?

---

கிணத்துக்கடவு

ரெண்டுக்கு ரெண்டு அங்குலம். ஒரு பக்கம் மட்டும் கால் நூல் கம்மி. அளந்து காட்டினேன், ஸ்கேல் தப்பு என்கிறார்.